நோட்டரி முத்திரை இருந்தும் திரும்பி வந்த அபிடவிட்

அம்மாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி. இரண்டும் ஒருவர்தான் என்று அபிடவிட், அதாவது நோட்டரி முன் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம், கொடுத்தோம். வங்கியில் திருப்பிவிட்டார்கள். முத்திரை இருக்கிறது, நோட்டரியின் பதிவேட்டு எண் இல்லை. தேதியை அடித்துத் திருத்திய இடத்தில் சுருக்கொப்பமும் இல்லை. நியாயம்தான்.

கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி, குன்னூரில் வேறொரு நோட்டரி வக்கீலிடம் அம்மாவையே கூட்டிப்போனேன். ஆள் நேரில் வராமல் ஆகாது. தன் கண்ணெதிரே போடும் கையெழுத்துக்கோ கைநாட்டுக்கோதான் அவர் சான்று தர முடியும். ஆதாரைச் சரிபார்த்தார். வாசகத்தை நிதானமாகப் படித்துக்காட்டி, “புரிஞ்சுதாம்மா? சம்மதமா?” என்று கேட்டார்.

அம்மா வைப்பது கைநாட்டு. தேயிலைக் கொழுந்து பறித்தே ரேகை தேய்ந்த கை. முதலில் வெறும் மைத்திட்டுதான் விழுந்தது. பெருவிரலைத் துணியால் துடைத்து, மையைக் குறைத்து, ஓரத்திலிருந்து ஓரம் மெதுவாக உருட்டினார். சுழி தெளிவாக வந்தது. அவருடைய பதிவேட்டிலும் அதே ரேகை. 1956 நோட்டரி விதிகள்படி அந்தப் பதிவேடு கட்டாயம். அப்புறம் வரிசை எண், தேதி, வட்ட முத்திரை, நோட்டரி ஸ்டாம்ப்.

உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று நோட்டரி சொல்வதில்லை. பொய்யென்றால் மாட்டுவது நாம்தான். பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

வங்கியில் எண்ணைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டார்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கிறது.