சூரியனா, கார்பனா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

பூமி சூடாவதற்குச் சூரியன்தான் காரணம் என்று ஒருவர் சொல்வார், இல்லை எல்லாம் கார்பன் டை ஆக்சைடுதான் என்பார் இன்னொருவர். யாரை நம்புவது என்று குழம்ப வேண்டாம், ஒரு காகிதமும் இயல் மடக்கை (ln) பொத்தான் உள்ள கால்குலேட்டரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எந்தக் காரணியை எடுத்தாலும் முதலில் அதைச் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்று மாற்றிக்கொள்ளுங்கள், அப்புறம்தான் ஒப்பிட வேண்டும்.

வரவிலிருந்து ஆரம்பிக்கலாம். பூமி இருக்கும் தூரத்தில் சூரிய ஒளி சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட். பூமி உருண்டை, அதில் பாதி எப்போதும் இருட்டு, அதனால் 4-ஆல் வகுங்கள், 340 வரும். அதில் 30 சதவீதத்தை மேகமும் பனியும் மணலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மிச்சம் 238 வாட். இதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ்தான் வரும். உண்மையில் இருப்பதோ 15 டிகிரி. நடுவில் உள்ள 33 டிகிரியும் நீராவி, கார்பன் டை ஆக்சைடு போன்றவை வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் கிடைப்பது.

சரி, இப்போது கார்பன், அதாவது கார்பன் டை ஆக்சைடு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 420-ஐ 280-ஆல் வகுத்து, அதன் இயல் மடக்கையை 5.35-ஆல் (இந்தக் கணக்குக்கான மாறிலி) பெருக்குங்கள். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2.2 வாட் கூடுதல் வெப்பம். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் ஒளி ஏறி இறங்குவது சுமார் 1 வாட், அதையும் 4-ஆல் வகுத்து 30 சதவீதத்தைக் கழித்தால் 0.2 வாட்கூடத் தேறாது, அதுவும் ஏறிய வேகத்தில் இறங்கிவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். எனக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியிருக்கவில்லை.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் கூட்டல் பக்கம். நிலக்கரிப் புகையிலிருந்து வரும் கந்தகத் துகள்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கழித்தல் பக்கம். எரிமலையும் கழித்தல்தான்: 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபோது உலகம் அரை டிகிரி அளவு குளிர்ந்தது, ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தத் துகள்கள் படிந்துவிட்டன. பூமியின் சுற்றுப்பாதை மாறுவதால் பனியுகங்கள் வந்து போயின, உண்மைதான், ஆனால் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடிக்கும்.

நிறையப் பேர் தடுமாறுவது நீராவியில்தான். வெப்பத்தை அதிகம் பிடிப்பது அதுதானே, கார்பனை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். கூடுதல் நீராவி சில நாட்களிலேயே மழையாக இறங்கிவிடும், தானாக நின்று சூடேற்றாது. காற்று ஒரு டிகிரி சூடானால்தான் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். ஆக, அதைக் காரணி என்ற வரிசையில் எழுதாமல் பெருக்கி என்று தனியே எழுதுங்கள். கார்பன் இரட்டிப்பானால் நேரடியாக ஒரு டிகிரி அளவுதான் ஏறும், பெருக்கிகளும் சேர்வதால்தான் அது 3 டிகிரிக்கு அருகில் போகிறது.

கடைசியாக ஒரு சோதனை. சூரியன் காரணமென்றால் வளிமண்டலம் கீழிருந்து மேல்வரை சூடாகியிருக்க வேண்டும். அளவீடுகளில் கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே உள்ள அடுக்கு மண்டலம் குளிர்கிறது.