மோஸல் ரீஸ்லிங்: இனிப்பில்லாத பாட்டிலைப் பார்த்து வாங்குவது எப்படி

ஜெர்மனிக்கு வந்த புதிதில், மீன் வறுவலோடு குடிக்க இனிப்பில்லாத வெள்ளை ஒயின் வேண்டும் என்று கடைக்குப் போய், 'ஷ்பேட்லேஸ' என்று அழகான எழுத்தில் போட்டிருந்த ஒரு ரீஸ்லிங் (வெள்ளைத் திராட்சை வகை) பாட்டிலை எடுத்து வந்தேன். ஒரு வாய் குடித்த நண்பன், "என்னடா இது, பானகமா?" என்றான். தப்பு என்னுடையதுதான். ஷ்பேட்லேஸ, கபினெட் என்பதெல்லாம் பறிக்கும்போது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதைச் சொல்லும் சொற்கள்; பாட்டிலுக்குள் சர்க்கரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை.

லேபிளில் நீங்கள் தேட வேண்டியது 'ட்ரொக்கன்', அதாவது இனிப்பில்லாதது, என்ற சொல்லை. சட்டப்படி இதில் லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம், புளிப்பும் அதற்கு ஈடாக இருந்தால் 9 கிராம் வரை போகலாம். 9 கிராமா என்று பயப்பட வேண்டாம், மோஸல் ஆற்றங்கரையில் விளையும் ரீஸ்லிங்கின் புளிப்பு எலுமிச்சையைக் கடித்த மாதிரி தூக்கலாக இருக்கும், அந்த இனிப்பு நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. 'ஹால்ப்ட்ரொக்கன்' என்றால் அரை இனிப்பு. 'ஃபைன்ஹெர்ப்' என்பதற்குச் சட்டத்தில் அளவே கிடையாது, லேசாக இனிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது எதுவுமே எழுதவில்லையா? ஆல்கஹால் அளவைப் பாருங்கள். சர்க்கரையைத் தின்றுதான் ஈஸ்ட் ஆல்கஹாலை உண்டாக்குகிறது, அதனால் 8 சதவீதம் என்று போட்டிருந்தால் நொதிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், மீதி சர்க்கரை உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் இனிக்காது.

அடுத்து, குடும்பத் தோட்டத்து ஒயினா என்று பார்க்க வேண்டும். 'கூட்ஸாப்ஃபுல்லுங்' என்று இருந்தால் அவர்கள் தோட்டத்துப் பழம், அவர்களே ஒயினாக்கி அவர்களே பாட்டிலில் அடைத்தது. 'எர்ட்சாய்கராப்ஃபுல்லுங்' என்பதைக் கூட்டுறவுச் சங்கங்களும் போட்டுக்கொள்ளலாம். வெறும் 'ஆப்ஃபுல்லர்' என்றால் யாரிடமோ வாங்கி அடைத்ததாகவும் இருக்கலாம், நான் எடுக்க மாட்டேன்.

ஆனால் முடிந்தால் நேரில் போங்கள். ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை மோஸல் ஆறு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது, வழியில் ஊருக்கு ஊர் 'வைன்கூட்' (ஒயின் தோட்டம்) என்ற பலகை. முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். செப்டம்பர், அக்டோபர் அறுவடைக் காலம், அப்போது போய்க் கதவைத் தட்டினால் யாருக்கும் நின்று பேச நேரமிருக்காது. ஒரு வீட்டு வாசலில் துடைப்பமோ இலைக்கொத்தோ தொங்கினால் அது 'ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட்', அந்தக் குடும்பமே தங்கள் ஒயினை ஊற்றித் தரும் இடம். ஆண்டுக்கு 4 மாதம்தான் திறக்கலாம், 40 பேருக்கு மேல் உட்கார இடம் போடக்கூடாது. அப்படி ஒரு வீட்டில் ஒயின் ஊற்றிக் கொடுத்த அம்மா, பின்கட்டுச் சரிவிலிருந்து ஒரு ஸ்லேட் கல்லை எடுத்து என் கையில் வைத்தார். பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆகியும் தோசைக்கல் ஆறுகிற மாதிரி சூடு மிச்சம் இருந்தது. குளிர்ந்த ஊரில் திராட்சை பழுப்பதற்கு இந்தக் கல்லும் ஒரு காரணம். கால்மோண்ட் திராட்சைத் தோட்டம் மாதிரிச் சரிவுகள் சில இடங்களில் 65 டிகிரி வரை செங்குத்தாக நிற்கின்றன, டிராக்டர் ஏறாது, பறிப்பதெல்லாம் கையால்தான். அதனால் பாட்டிலுக்குப் பத்து யூரோ சொன்னால் பேரம் பேசாதீர்கள். ருசி பார்க்கும்போது இனிப்பில்லாததில் தொடங்கி இனிப்புக்குப் போங்கள், துப்பத் தனியாகப் பாத்திரம் இருக்கும், துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஓசியில் நாலைந்து ருசி பார்த்துவிட்டு வெறுங்கையோடு கிளம்புவது மட்டும் நன்றாயிருக்காது. அப்புறம், போவது ரயிலில் என்றால் நிம்மதி.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஆனால் ஃப்ரிட்ஜின் குளிரிலேயே குடித்தால் வாசனையே வராது. கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள், 8 முதல் 10 டிகிரி சரியாக இருக்கும். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதித் தண்ணீர், ஒரு கை உப்பு. வெறும் ஐஸைவிட இது சீக்கிரம் குளிரவைக்கும். டம்ளரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல் வாசனை வரும். சில ஆண்டு வைத்திருந்த பாட்டிலில் லேசாகப் பெட்ரோல் வாசனை அடித்தால் கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள், ரீஸ்லிங்கின் குணமே அது. அடியில் கண்ணாடித் தூள் மாதிரிப் படிந்திருந்தாலும் பயமில்லை, அது திராட்சைப் புளிப்பு உறைந்த உப்பு.

மஞ்சளும் உப்பும் மிளகும் போட்ட மீன் வறுவலுக்கு ட்ரொக்கன் அருமையாகப் பொருந்தும், எலுமிச்சை பிழியக்கூடத் தேவையில்லை. காரக்குழம்போடு மட்டும் வேண்டாம், ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டிவிடும், அதற்கு ஃபைன்ஹெர்ப்தான் சரி.

மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும், எனக்கு இரண்டாம் நாள்தான் இன்னும் பிடிக்கிறது. ஒரு வாரம் மறந்துபோய்விட்டால் மீன் வேகவைக்கும் தண்ணீரில் ஊற்றிவிடுங்கள்.