பட்டாளத்தின் பூர்வீகம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் உலகப் போர்க்காலப் பதக்கம் ஒன்று வீட்டுப் பெட்டியில் இருந்தால், முகப்பை விட்டுவிட்டு முதலில் விளிம்பைப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் ஓடும். படைப்பிரிவு இருக்க வேண்டிய இடத்தில் '2 க்யூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்' என்பதுபோல இருந்தால், "தாத்தா மதராஸ் பட்டாளம் இல்லை போலிருக்கே" என்று தேடலை அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அது ராணுவத்தின் பொறியியல் படையான மதராஸ் சாப்பர்ஸேதான். 1780-ல் மதராஸ் பயனியர்ஸாகத் தொடங்கிய அந்தப் படைக்கு 1911 முதல் 1923 வரை '2-ஆம் குயீன் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்று பெயர். மதராஸ் என்ற சொல் 1923-ல்தான் திரும்ப வந்தது. ராணுவத்தில் 'தம்பி' என்று இன்றும் அழைக்கப்படும், பெங்களூரில் மையம் கொண்ட மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் அதன் நேர் வாரிசு.

பெயரைப் பிடித்துக்கொண்டு போவதுதான் பட்டாளத் தேடலில் முதல் தவறு. பெயர் மாறும், எண் மாறும், ஆட்கள்கூட மாறுவார்கள். தடம் பிடிக்க வேண்டியது பட்டாலியனை, அதாவது சில நூறு சிப்பாய்கள் கொண்ட தனிப் படையை. இந்தியக் காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது பல பட்டாலியன்களுக்குப் பொதுவான குடும்பப் பெயர் மாதிரி. இன்றைய வடிவில் அந்த அமைப்பும் 1922-ல் வந்ததுதான். ஆகவே "முதல் உலகப் போரில் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தார்" என்று குடும்பத்தில் சொன்னால், அப்படி ஒரு ரெஜிமென்ட் அப்போது இல்லை என்பதை நினைவில் வையுங்கள். 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 73-ஆம் கர்நாடிக் இன்ஃபன்ட்ரி என்று தனித்தனி எண்களோடுதான் இருந்தன.

அந்த எண்களிலும் ஒரு கணக்கு உண்டு. இந்தியாவின் தலைமைத் தளபதி கிச்சனர் 1903-ல் வங்காளம், மதராஸ், பம்பாய் படைகளையெல்லாம் ஒரே வரிசையில் எண்ணிட்டபோது, மதராஸ் காலாட்படையின் பழைய எண்ணோடு 60 கூடியது. 3 என்பது 63 ஆனது, 13 என்பது 73 ஆனது. இது கைக்கு உதவும் கணக்குதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. 10-ஆம் மதராஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1890-ல் பர்மாவில் குபோ பள்ளத்தாக்கு ராணுவப் போலீஸிலிருந்து ஒரு படையை உருவாக்கி, 10-ஆம் மதராஸின் வரிசை இடத்தையும் எண்ணையும் அதற்குக் கொடுத்தார்கள். அது பின்னால் 10-ஆம் கூர்க்கா ரைஃபிள்ஸ் ஆனது. எண் ஒன்றுதான், மரபு வேறு. பழைய 10-ஆம் மதராஸின் பெருமைகளைக் கூர்க்காக்கள் சில காலம் சுமந்தும், அந்த உறவு கடைசியில் ஏற்கப்படவில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தத் தேடலிலேயே மனதை அதிகம் தொடும் இடம் இதுதான். 1759-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலக் கரைச் சிப்பாய்களின் 3-ஆம் பட்டாலியனாகத் தொடங்கியது பிற்பாடு 2-ஆம் மதராஸ் ஆகி, 1903-ல் 62-ஆம் பஞ்சாபிகள் ஆனது. தென்னிந்தியர்கள் போருக்கு லாயக்கில்லை என்ற 'போர்க்குணச் சாதி' கொள்கை அப்போது கோலோச்சியது. தெற்கத்திச் சிப்பாய்களின் இடத்தில் வடக்கத்தியர்கள் சேர்க்கப்பட்டார்கள், ஆனால் பட்டாலியன் கலைக்கப்படவில்லை. 1922-ல் 1-ஆம் பஞ்சாப் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனாகி, இன்று பாகிஸ்தான் ராணுவத்தின் பஞ்சாப் ரெஜிமென்டில் இருக்கிறது. 1761-ல் எழுப்பப்பட்ட இன்னொரு கரைச் சிப்பாய் பட்டாலியன் 67-ஆம் பஞ்சாபிகளாகி, இந்தியாவிடம் தங்கி, 1952-ல் 1 பாரா, அதாவது பாராசூட் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன், ஆனது. மதராஸ் என்ற பெயரை மட்டும் தேடுபவர் இந்த இரண்டையும் தவறவிடுவார்.

குறியீடுகளையும் ஆண்டோடு சேர்த்தே படிக்க வேண்டும். 1/1 என்று ஒரு பழைய ஆவணத்தில் பார்க்கிறீர்கள். 1806 ஆவணமென்றால் அது மதராஸ் 1-ஆம் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன்; வேலூர்க் கோட்டை எழுச்சியில் இருந்தது, அதற்காகவே கலைக்கப்பட்டது. 1930-களின் ஆவணத்தில் 1/1 பஞ்சாப் என்றிருந்தால் அது மேலே சொன்ன 1759 பட்டாலியன். இடையில் 1824-ல் இரட்டை பட்டாலியன் ரெஜிமென்டுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் புது எண் கொடுத்தார்கள். அந்த ஒரு வருஷத்தைத் தாண்டும்போது மட்டும் ரொம்ப நிதானம் வேண்டும். நூல் அறுபடுவது பெரும்பாலும் அங்கேதான்.

அப்புறம், தொடக்க ஆண்டு. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு 1758 என்றும் சொல்வார்கள், 1704 என்றும் சொல்வார்கள். 1758, கம்பெனியின் படைத்தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் கம்பெனிச் சிப்பாய்களைப் பட்டாலியன்களாக முறைப்படுத்திய ஆண்டு. 1704, திருவிதாங்கூர் மன்னரின் காவல்படையிலிருந்து தன் மரபைக் கணக்கிடும் 9-ஆம் பட்டாலியனுக்கு உரியது. அது இந்திய ராணுவத்துக்கு வந்ததோ 1954-ல். இரண்டில் எது சரி என்று சண்டை போடுவதற்குப் பதில், எந்தப் பட்டாலியன், எந்த அரசின் கீழ் என்று கேளுங்கள்.

இடைவெளியை மறைக்கவும் வேண்டாம். 1922-ல் உருவான 3-ஆம் மதராஸ் ரெஜிமென்டின் நிரந்தரப் பட்டாலியன்கள் சிக்கனம் என்ற பெயரில் 1928-க்குள் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் வந்த பிறகுதான் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. 1935-ல் தாத்தா அதில் முழுநேரச் சிப்பாயாக இருந்தார் என்று யாராவது சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. பகுதிநேர டெரிடோரியல் படையில் இருந்திருக்கலாம், சாப்பர்ஸில் இருந்திருக்கலாம். அந்தந்த ஆண்டின் 'இந்தியன் ஆர்மி லிஸ்ட்' என்ற அதிகாரபூர்வ ராணுவப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அப்போது எந்தெந்தப் பட்டாலியன் இருந்தது என்பது தெரிந்துவிடும்.