சிவிலைசேஷன் 6: முதல் நூறு டர்ன்களில் நிலம் பிடிப்பது எப்படி?

நகரங்களை அமைத்து நாட்டை வளர்க்கும் கணினி ஆட்டமான சிவிலைசேஷன் 6-ஐப் புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். தலைநகரை அமைத்து, அதைச் சுற்றி வயலும் சுரங்கமும் போட்டு, அழகு பார்த்துக்கொண்டே எழுபது எண்பது டர்ன்களை (ஆட்ட முறைகளை) கழித்துவிடுகிறார்கள்; நிமிர்ந்து பார்க்கும்போது அண்டை நாட்டுக்காரன் ஏழு நகரங்களோடு எல்லையில் வந்து நிற்கிறான். அறிவியல், பண்பாடு, பொன், படை ஆகிய எல்லாமே இந்த ஆட்டத்தில் நகரங்களின் எண்ணிக்கையை ஒட்டித்தான் பெருகும் என்பதால், அந்த நிலையிலிருந்து மீண்டு வருவது கடினம். தொடக்கத்தில் எப்படி, எங்கே, எந்த வரிசையில் நகரங்களைப் பரப்ப வேண்டும் என்பதை மட்டுமே இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

ஆட்டத்தின் திரையில் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும் என்பதால் செட்லர் (புது நகரம் அமைப்பவர்), பில்டர் (நிலத்தை மேம்படுத்துபவர்), ஸ்கவுட் (வேவு பார்ப்பவர்) போன்றவற்றை அப்படியே எழுதியிருக்கிறேன். கணக்குகள் யாவும் ஸ்டாண்டர்ட் வேகத்துக்கு உரியவை. இடம் தேர்வு செய்யும் பகுதியில் மட்டும் மதுரை வட்டாரத்தையே வரைபடமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். வைகை எந்தப் பக்கம் ஓடுகிறது, மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிந்தவர்களுக்கு அது எளிதில் பிடிபடும்.

படி 1: ஆட்டத்தை அமைத்தல்

கடினநிலையைப் பிரின்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் கணினிக்கும் கூடுதல் சலுகை ஏதும் இல்லாத நிலை அதுதான். மிக உயர்ந்த டெய்ட்டி நிலையில் கணினி நாடுகள் மூன்று செட்லர்களோடு தொடங்கும் என்பதால், அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். தலைவராக ரோமின் டிராஜனைத் தேர்ந்தெடுங்கள். அவர் தொடக்க காலத்தில் நிறுவும் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு மானுமென்ட் (நினைவுச்சின்னக் கட்டடம்) இலவசமாகக் கிடைக்கும். வணிக எல்லைக்குள் இருக்கும் புதிய நகரங்களுக்குத் தலைநகரிலிருந்து சாலையும் தானாகவே போடப்படும். நகரங்களைப் பரப்பிப் பழகுவதற்கு இவரைவிட ஏற்ற தலைவர் இல்லை என்பது என் கருத்து.

வரைபடம், நிலமெல்லாம் ஒரே பெரிய கண்டமாக இருக்கும் பாஞ்சியாவாக இருக்கட்டும். ஆட்டோசேவ் ஒவ்வொரு டர்னுக்கும் நடக்கும்படி அமைத்துவிடுங்கள். நம் ஊரில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை.

படி 2: முதல் நகரம்

செட்லரைத் தேர்ந்தெடுத்தவுடன் நிலம் நிறம் மாறித் தெரியும். அடர்பச்சை என்றால் நன்னீர் உண்டு, வெளிர்பச்சை என்றால் கடற்கரை, சாம்பல் என்றால் நீரே இல்லை, சிவப்பு என்றால் அங்கே நகரம் அமைக்க முடியாது என்று பொருள். ஆறு, ஏரி, பாலைவனச் சோலை ஆகியவற்றை ஒட்டிய நகரத்துக்கு 5 குடியிருப்பு அளவும், கடற்கரை நகரத்துக்கு 3-உம், நீர் இல்லாத நகரத்துக்கு 2-உம் தொடக்கத்தில் கிடைக்கும். மக்கள்தொகை இந்த அளவை நெருங்க நெருங்க வளர்ச்சி மந்தமாகிவிடும்.

அடர்பச்சையில் சமவெளிக் குன்று ஒன்று அகப்பட்டால் அதையே பிடியுங்கள். மற்ற பெரும்பாலான இடங்களில் நகர மையம் டர்னுக்கு 1 உற்பத்தி தரும்போது, சமவெளிக் குன்றின்மேல் அமைந்த மையம் 2 தரும். பார்வைக்குச் சிறிய வேறுபாடுதான் என்றாலும், தலைநகரின் மொத்த உற்பத்தியே தொடக்கத்தில் டர்னுக்கு நான்கைந்துதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே நகரம் அமைக்க முடிந்தால் நல்லது. நல்ல இடத்துக்காக இரண்டு டர்ன்கள் நடக்கலாம். அதற்குமேல் நடப்பது வீண்.

படி 3: எதை முதலில் உருவாக்குவது?

ஸ்கவுட், ஸ்லிங்கர் (கவண் வீரர்), செட்லர், பில்டர், மறுபடியும் செட்லர் என்ற வரிசை தொடக்கக்காரர்களுக்குப் போதுமானது. ஸ்கவுட்டுக்கு 30 உற்பத்தியும் ஸ்லிங்கருக்கு 35-உம் ஆகும். அவை முடிவதற்குள் நகரத்தின் மக்கள்தொகை இரண்டாகிவிடும். இரண்டு ஆகாமல் செட்லரை உருவாக்க முடியாது. உருவானதும் மக்கள்தொகையில் ஒன்று குறையும்.

முதல் செட்லருக்கு 80 உற்பத்தி. அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 30 கூடிக்கொண்டே போகும். பொன் கொடுத்து வாங்குவதானால் உற்பத்தி அளவைப் போல நான்கு மடங்கு, அதாவது முதல் செட்லருக்கு 320 பொன் ஆகும். பார்பேரியன் (எந்த நாட்டையும் சேராத கொள்ளையர்) முகாமை அழித்தும், வழியில் தென்படும் பழங்குடிக் கிராமங்களில் நுழைந்தும் கிடைக்கும் பொன்னைச் சிதறவிடாமல் இதற்காகவே சேர்த்து வைப்பது நல்லது.

இங்கேதான் உலக அதிசயங்கள் குறுக்கே வருகின்றன. என் தங்கை மகனுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தபோது, "மாமா, ஸ்டோன்ஹெஞ்ச் கட்டினால் மதகுரு சும்மா கிடைக்கிறாரே, அதை ஏன் விடச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டான். "கிடைக்கிறார் மாப்பிள்ளை, ஆனால் அதற்கு 180 உற்பத்தி ஆகும். முதல் செட்லருக்கு 80, இரண்டாவதற்கு 110, கூட்டிப் பார்" என்றேன். ஓர் அதிசயத்தின் விலையும் இரண்டு நகரங்களின் விலையும் ஏறத்தாழ ஒன்றுதான். அதிலும் வேறொரு நாடு முந்திக் கட்டி முடித்துவிட்டால் ஸ்டோன்ஹெஞ்ச் உங்களுக்கு இல்லவே இல்லை. நிறுவிய நகரத்தையோ போர் தொடுக்காமல் ஒருவரும் எளிதில் பறிக்க முடியாது. பையன் கணக்கை ஒப்புக்கொண்டான். ஆனாலும் அந்த ஆட்டத்தில் ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டத்தான் செய்தான்.

படி 4: அடுத்த நகரங்களுக்கு இடம் பார்த்தல்

இந்தப் படிக்கே மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். இரு நகர மையங்களுக்கு நடுவே குறைந்தது மூன்று கட்டங்கள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நகரம் தன்னைச் சுற்றி மூன்று கட்டத் தொலைவு வரை, அதாவது 36 கட்டங்களில், மக்களை வேலைக்கு வைக்கலாம். இதைப் படித்தவுடன், நகரங்கள் ஒன்றின் நிலத்தில் மற்றொன்று புகாதபடி ஏழு கட்டங்கள் தள்ளித் தள்ளி அமைக்கப் புதியவர்கள் முனைகிறார்கள். மக்கள்தொகை பத்து உள்ள நகரம் ஒரே நேரத்தில் அதிகம் போனால் பத்துக் கட்டங்களைத்தான் பயன்படுத்தும். மீதி நிலம் தரிசாகக் கிடக்கும். ஆகவே நகரங்களை நான்கைந்து கட்ட இடைவெளியில் நெருக்கியே அமையுங்கள். வைகைக் கரையில் ஊருக்கு ஊர் கூப்பிடு தூரத்தில் இருப்பதைப் போல இருந்தால் சரி.

இப்போது நம் வரைபடத்துக்கு வருவோம். தலைநகர் மதுரை, வைகைக் கரையில். மேற்கே நாகமலை, வடகிழக்கே யானைமலை, வடக்கே அழகர்மலை. ஆட்டத்தில் மலைக்கட்டத்தின்மேல் படை ஏறாது என்பதால் இவை இயற்கை மதில்கள். திறந்து கிடக்கும் பக்கங்களுக்கு மட்டும் காவல் வைத்தால் போதும். கையில் முதல் செட்லர் இருக்கிறார். எங்கே அனுப்புவது?

எளிய விடை, ஆற்றை ஒட்டியே மேற்கில் சோழவந்தான் அல்லது தென்கிழக்கில் கீழடி. இரண்டிலும் நன்னீர் உண்டு. வயல் போட நிலம் உண்டு. 2014-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய அகழாய்வுகள் கீழடியில் ஒரு பழைய நகரக் குடியிருப்பை வெளிப்படுத்தியிருப்பதிலிருந்து, நம் முன்னோரும் அடர்பச்சையில்தான் அமர்ந்தார்கள் என்று தெரிகிறது. ஆட்டத்து ஆற்றில் ஒரு வசதி உண்டு: நம் வைகையைப் போல மாதக்கணக்கில் மணலாகக் கிடந்தாலும் நன்னீர்க் கணக்கில் குறையாது.

சற்றுச் சிக்கலான இடம், தெற்கே விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கக் கரிசல். ஆறு தள்ளியிருப்பதால் குடியிருப்பு 2-தான். ஆனால் அங்கே பருத்தி இருக்கிறது. பருத்தி இந்த ஆட்டத்தில் ஆடம்பரப் பொருள். ஒவ்வொரு புதுவகை ஆடம்பரப் பொருளும் நான்கு நகரங்கள் வரை மக்களின் மனநிறைவை ஒவ்வொரு படி கூட்டும். இன்னொரு சோழவந்தானைவிடப் பருத்தி உள்ள ஒரு கரிசல் நகரம் நாடு முழுமைக்கும் பயன்படும் என்பதால், மூன்றாவது அல்லது நான்காவது நகரமாக இதை நான் தயங்காமல் அமைப்பேன். பாண்டியரின் கொற்கையும் இப்படிப்பட்ட இடம்தான்: கடற்கரை என்பதால் குடியிருப்பு 3, ஆனால் முத்து உண்டு, முத்தும் ஆடம்பரப் பொருள்.

மேற்கே தேனி, கம்பம் பக்கம் மலைகள் நெருங்கி நிற்கும். நகரம் தன் நிலத்தில் ஒரு கட்டத்தில் எழுப்பும் சிறப்புப் பகுதிக்கு வட்டாரம் என்று பெயர். கேம்பஸ் என்ற கல்வி வட்டாரத்துக்கு, தொட்டு நிற்கும் மலைக்கட்டம் ஒவ்வொன்றுக்கும் 1 அறிவியல் கூடும். மூன்று மலைகளுக்கு நடுவே ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தால், அதை எட்டும்படி ஒரு நகரம் அமைப்பது அறிவியல் வெற்றியை நோக்கி ஆடுபவருக்கு மிகுந்த இலாபம். அங்கே ஆறு இல்லாவிட்டாலும், நகர மையத்தையும் ஒரு மலையையும் ஒருசேரத் தொடும் கட்டத்தில் அக்விடக்ட் (நீர் கொண்டுவரும் கால்வாய்) கட்டினால் குடியிருப்பு 6 ஆகிவிடும். மேற்கே ஓடிய பெரியாற்று நீரை 1895-இல் சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பிய பென்னிகுயிக்கை அறிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

எந்த வரிசையில் போவது என்பதற்கு ஒரே விதி: பகைவன் பிடிக்கக்கூடிய இடத்தை முதலில் பிடியுங்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும் இடத்தைக் கடைசிக்கு வையுங்கள். இதற்கும் ஓர் அளவு உண்டு. 2018-இல் வந்த ரைஸ் அண்ட் ஃபால், 2019-இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் ஆகிய விரிவாக்கங்களில் ஒன்றை வைத்திருந்தால், ஒன்பது கட்டத் தொலைவுக்குள் உள்ள நகரங்களின் மக்கள்தொகை உங்கள் நகரத்தின் விசுவாசத்தை அழுத்தும். தொலைவு குறையக் குறைய அழுத்தம் கூடும். அடுத்தவன் தலைநகர் வாசலில் போய் நகரம் அமைத்தால் அது சில டர்ன்களில் கலகம் செய்து கைவிட்டுப் போகும். அவன் தலைநகரைவிட உங்கள் தலைநகருக்குக் கொஞ்சமேனும் அருகில் உள்ள இடமாகப் பாருங்கள்.

படி 5: செட்லரைப் பத்திரமாகக் கொண்டுபோதல்

செட்லருக்குச் சண்டையிடத் தெரியாது. பார்பேரியன் ஒருவன் தொட்டாலே சிறைப்படுவார். 80 உற்பத்தி அத்தோடு போயிற்று. எனவே ஆட்டத் தொடக்கத்திலேயே கையில் இருக்கும் வாரியர் என்ற காலாள் வீரரையும் செட்லரையும் ஒரே கட்டத்தில் நிறுத்தி, துணைக்காவல் பொத்தானை அழுத்தி இணைத்துவிடுங்கள். அதன்பின் இருவரும் சேர்ந்தே நகர்வார்கள்.

பார்பேரியன் ஸ்கவுட் உங்கள் நகரத்தைக் கண்டுவிட்டால் அவன் தலைக்குமேல் ஆச்சரியக்குறி தோன்றும். அவன் முகாமுக்குத் திரும்பிச் சேர்ந்துவிட்டால் படையோடு வருவார்கள். அதற்குள் அவனை வீழ்த்துங்கள். படி 3-இல் ஸ்லிங்கரைச் சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்லிங்கர் ஓர் எதிரியைக் கொன்றால் வில்வித்தைக்கான யுரேகாவும் (ஆராய்ச்சிச் சலுகை) கிடைத்து, அந்த ஆராய்ச்சியில் கணிசமான பகுதி குறைந்துவிடும். முகாம்கள் யார் பார்வையும் படாத கட்டங்களில்தான் முளைக்கும் என்பதால், வேலை முடிந்த ஸ்கவுட்டை ஒரு குன்றின்மேல் நிறுத்தி வைப்பது நல்ல காவல்.

படி 6: கொள்கை அட்டைகள்

முதல் பண்பாட்டுப் படியான கோட் ஆஃப் லாஸ் முடிந்ததும் டிசிப்ளின், அர்பன் பிளானிங் ஆகிய இரண்டு கொள்கை அட்டைகளையும் போடுங்கள். பிறகு ஏர்லி எம்பயர் என்ற பண்பாட்டுப் படியை நோக்கி நடங்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகை ஆறானால் அதற்கான செலவு குறையும். அங்கே கிடைக்கும் காலனைசேஷன் அட்டை செட்லர் உற்பத்தியை 50 விழுக்காடு விரைவாக்கும். இந்த அட்டை வந்தவுடன் இரண்டு மூன்று நகரங்களில் ஒருசேர செட்லர்களை உருவாக்கத் தொடங்குவதே இந்தக் கட்டுரையில் சொல்லும் உத்திகளில் மிகுந்த பலன் தருவது. முன்பு சொன்ன விரிவாக்கங்களில் ஒன்று இருந்தால், நகரத்தை நிர்வகிக்கும் கவர்னர்களில் ஒருவரான மேக்னஸுக்குப் புரொவிஷன் பதவி உயர்வு கொடுத்து ஒரு நகரத்தில் அமர்த்தினால், அங்கே செட்லரை உருவாக்கும்போது மக்கள்தொகை குறையாது.

படி 7: புதிய நகரத்தில் செய்ய வேண்டியவை

புதிய நகரத்தில் முதலில் ஒரு வட்டாரத்துக்கான இடத்தைக் குறித்துவிடுங்கள். ஆராய்ச்சிகள் முன்னேற முன்னேற வட்டாரங்களின் விலை ஏறும். குறித்த அன்றைய விலையோ அப்படியே நிலைத்துவிடும். கட்டி முடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்து ஒரு பில்டர். மைனிங் ஆராய்ச்சி முடிந்திருந்தால் காட்டை வெட்டி உடனடி உற்பத்தி பெறலாம். மழைக்காட்டுக்கு புரோன்ஸ் வொர்க்கிங் (வெண்கல வேலை) வேண்டும். வணிகரைப் புதிய நகரத்திலிருந்து தலைநகருக்கு அனுப்பினால், உணவும் உற்பத்தியும் அனுப்பும் நகரத்துக்கே, அதாவது புதிய நகரத்துக்கே வந்து சேரும். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் பலர்.

படி 8: எதுவரை?

ஐம்பதாவது டர்ன் அளவில் மூன்று நகரங்கள், நூறாவது டர்னில் ஆறு முதல் எட்டு என்பது பிரின்ஸ் நிலையில் எட்டக்கூடிய இலக்கு. நன்னீரும் இல்லை, புது ஆடம்பரப் பொருளும் இல்லை, மலையும் இல்லை என்ற இடங்கள் மட்டுமே மிஞ்சும்போது காலனைசேஷன் அட்டையை எடுத்துவிட்டு, பில்டர்களுக்கு உதவும் இல்கம் அட்டையைப் போடுங்கள். அப்போது கையில் ஒரு செட்லர் மீந்திருந்தால் கலைத்துவிடாமல், இரு நகரங்களுக்கு நடுவே விதிக்கு உட்பட்ட இடம் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா என்று செட்லரைத் தேர்ந்தெடுத்து நிறத்தைப் பாருங்கள்; சிவப்பாக இல்லாத ஒரு கட்டம் பெரும்பாலும் கடற்கரைப் பக்கம் அகப்படும்.