எட்டரை மணி ஷிப்டும் என்பிஏ சீசனும்: 82 ஆட்டம் பார்க்க ஒரு வழி

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 30 அணிகள். அக்டோபர் பிற்பாதியில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடியும் லீக் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் 82 ஆட்டம், மொத்தம் 1,230. கிடைத்ததையெல்லாம் பார்க்கத் தொடங்குபவர்கள் பொங்கலுக்குள் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். ஒரே அணியை எடுத்துக்கொண்டு அதன் அட்டவணையைப் படிக்கப் பழகுங்கள், சீசன் பிடிபட்டுவிடும்.

அணியைத் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திர வீரரைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். திருப்பூரில் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் இருக்க வேண்டியவருக்கு லாஸ் ஏஞ்சலஸ் அணி ஒத்துவராது. பாஸ்டன், நியூயார்க், மயாமி என்று அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தில் 13 அணிகள் உண்டு. குளிர்காலத்தில் அங்கே இரவு 7 மணி என்றால் நமக்கு விடிகாலை 5:30. ஆட்டம் இரண்டேகால் மணி முதல் இரண்டரை மணி நேரம் ஓடும், ஆக எட்டு மணிக்குள் முடிந்துவிடும். அதே இரவு 7 மணி சிகாகோவிலும் டல்லஸிலும் நமக்கு 6:30, டென்வரில் 7:30, கலிஃபோர்னியாவில் 8:30. லீக்கின் கிழக்கு, மேற்கு என்ற இரு பிரிவுகளில் கிழக்கில் இருந்தாலும் சிகாகோவும் மில்வாக்கியும் ஒரு மணி நேரம் பின்தங்கிய ஊர்கள். கணக்கு எப்போதும் ஆட்டம் நடக்கும் ஊரின் நேரத்துக்குத்தான், அணியின் சொந்த ஊருக்கு அல்ல.

பலர் கோட்டைவிடுவது நவம்பரில். அம்மாதத்தின் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைப்பார்கள், மார்ச் இரண்டாம் ஞாயிறன்று முன்னுக்கு. அதனால் சீசனின் முதல் சில நாட்களிலும் மார்ச் பிற்பாதியிலிருந்தும் மேலே சொன்ன நேரங்களில் ஒரு மணி கழித்துக்கொள்ளுங்கள். 5:30 ஆட்டம் 4:30க்கே தொடங்கும். பீனிக்ஸ் மட்டும் விதிவிலக்கு. அரிசோனாக்காரர்கள் கடிகாரத்தைத் தொடுவதில்லை, அங்கே இரவு 7 மணி நமக்கு எப்போதும் காலை 7:30. தேதியும் நகரும்: அட்டவணையில் வெள்ளி இரவு என்றால் இங்கே சனிக்கிழமை காலை. ஆட்டங்களை மொபைல் காலண்டரில் ஏற்றும்போது நேர மண்டலத்தை நியூயார்க் என்று வைத்துவிட்டால் மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வெள்ளென எழவே முடியாதவர்களுக்கும் சில நாட்கள் வாய்க்கும். கிறிஸ்துமஸ் அன்று ஐந்து ஆட்டங்கள். முதலாவது வழக்கமாக அங்கே நண்பகலில், அதாவது டிசம்பர் 25 இரவு 10:30க்கு. ஜனவரி மூன்றாம் திங்களன்று மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை என்பதால் பகல் ஆட்டங்கள் வைப்பார்கள். மற்றபடி என்பிஏவின் சந்தா ஒளிபரப்புச் சேவையான லீக் பாஸில் மறுஒளிபரப்புதான். செயலியில் ஸ்கோரை மறைக்கும் வசதியை முதலில் போட்டுவிடுங்கள், வாட்ஸ்அப் குரூப்பையும் மியூட் செய்துவிடுங்கள்.

இனி ஒரு நோட்டு எடுத்து உங்கள் அணியின் 82 ஆட்டங்களையும் வரிசையாக எழுதுங்கள். கணக்கு இப்படி வரும்: சொந்த டிவிஷனின் (பிரிவுக்குள் ஐந்து அணிகள் கொண்ட சிறு குழு) மற்ற 4 அணிகளோடு தலா 4 ஆட்டம், 16. பிரிவின் மற்ற 10 அணிகளில் ஆறோடு தலா 4, 24. மீதி நாலோடு தலா 3, 12. எதிர்ப் பிரிவின் 15 அணிகளோடு தலா 2, 30. பிறகு அடுத்தடுத்த இரவுகளில் வரும் ஆட்டங்களைச் சிவப்பு மையில் கோடிடுங்கள். ஓர் அணிக்கு ஏறக்குறைய 15 ஜோடி தேறும். ஒரு ஊரில் ஆடி முடித்து, நள்ளிரவில் விமானம் ஏறி, மறுநாள் வேறு ஊரில் ஆடுவார்கள். அந்த இரண்டாவது இரவில் முக்கிய வீரரை உட்காரவைப்பது சகஜம். அதனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதென்றால் சிவப்புக் கோட்டின் முதல் ஆட்டத்துக்கே கெடுத்துக்கொள்ளுங்கள். லீக் வெளியிடும் காயப் பட்டியலையும் பார்த்துவிட்டு அலாரம் வையுங்கள். அதில் 'டவுட்ஃபுல்' என்றிருந்தால் அநேகமாக ஆடமாட்டார். 'க்வெஸ்ச்சனபிள்' என்றால் நிச்சயமில்லை, கடைசி நேரம் வரை இழுப்பார்கள். 2023-24 முதல் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்) போன்ற விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், யார் எத்தனை ஆட்டம் விட்டார் என்று ஒரு பத்தி போட்டுக்கொள்வதும் நல்லது.

புள்ளிப் பட்டியலில் 'ஜிபி' என்று ஒரு பத்தி இருக்கும், முதலிடத்திலிருந்து எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறது என்று சொல்வது. முதல் அணி 30 வெற்றி, 12 தோல்வி. உங்கள் அணி 26, 15 என்று வைத்துக்கொள்வோம். வெற்றியில் வித்தியாசம் 4, தோல்வியில் 3, கூட்டி இரண்டால் வகுத்தால் 3.5. இரண்டு அணிகள் சமமாக முடித்தால் முதலில் பார்ப்பது அவை ஒன்றோடொன்று ஆடிய ஆட்டங்களின் முடிவை. அதனால் பக்கத்து இடத்தில் இருக்கும் அணியோடு ஆடும் ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

ஸ்கோர் விவரத்தில் 25 பாயின்ட் என்று பார்த்ததும் மலைத்துப்போக வேண்டாம். எத்தனை ஷாட்டில் எடுத்தார் என்று பாருங்கள். ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) முயற்சிகளை 0.44ஆல் பெருக்கி, கள ஷாட் முயற்சிகளோடு கூட்டி, இரட்டிப்பாக்கி, அதால் பாயின்டை வகுக்க வேண்டும். 20 ஷாட், 5 ஃப்ரீ த்ரோ என்றால் 20 + 2.2 = 22.2, இரட்டித்தால் 44.4, அதால் 25ஐ வகுத்தால் ஷாட் திறன் 56 சதவீதம். அதே 25ஐ 15 ஷாட், 5 ஃப்ரீ த்ரோவில் எடுத்தவர் 73 சதவீதம். அன்றைக்கு ஜெயிக்கவைத்தவர் அவராக இருக்கும். ஒருவர் களத்தில் இருந்தபோது அணி எதிரணியைவிட எத்தனை பாயின்ட் கூட எடுத்தது அல்லது குறைந்தது என்று சொல்லும் ப்ளஸ்-மைனஸ் எண்ணை ஒரே ஆட்டத்தை வைத்து நம்பாதீர்கள். பெஞ்சில் இருந்தவர் நாலு பெரிய வீரர்களோடு இறங்கினாலே அது ஏறிவிடும்.

கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை பார்த்துப் பழகிய கண்ணுக்கு விதிகள் கொஞ்சம் இடிக்கும். கோவையில் நான்கு 10 நிமிடக் கால்பகுதிகள், என்பிஏவில் நான்கு 12 நிமிடம். கோவையில் ஐந்து ஃபவுலில் வெளியே போகிறவர் என்பிஏவில் ஆறில் போவார். மூன்று பாயின்ட் கோடு 6.75 மீட்டருக்குப் பதில் மேல்பகுதியில் 7.24 மீட்டர். நம் ஊர் ஆட்டத்தில் வளையத்தைத் தொட்டுவிட்ட பந்தை யாரும் தட்டலாம், என்பிஏவில் வளையத்துக்கு மேலே இருக்கும் வரை தொடக்கூடாது. தடுப்பவர் யாரையும் காவல் காக்காமல் கூடைக்கடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்பதும் என்பிஏவில் மட்டும் குற்றம்.

ஏப்ரலில் ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு இடத்தவர் நேரே கோப்பைக்கான ப்ளேஆஃப் சுற்றுகளுக்குப் போவார்கள். ஏழும் எட்டும் மோதி, ஜெயித்தவர் ஏழாமிடம். ஒன்பதும் பத்தும் மோதி, தோற்றவர் வீட்டுக்கு. மிச்சமுள்ள இருவர் எட்டாமிடத்துக்கு ஆடுவார்கள். அதன்பின் எல்லாச் சுற்றிலும் ஏழு ஆட்டத்தில் முதலில் நான்கை ஜெயிப்பவர் முன்னேறுவார். சொந்த மைதானம் 2-2-1-1-1 என்ற வரிசையில், அதாவது முதல் இரண்டு ஒரு அணியின் ஊரில், அடுத்த இரண்டு மற்ற அணியின் ஊரில், பிறகு ஒவ்வொன்றாக மாறி மாறி. ஜூன் இறுதிச்சுற்று மட்டும் எந்த ஊரில் நடந்தாலும் கிழக்குக் கரை நேரத்தை வைத்தே தொடங்கும்: பெரும்பாலும் நமக்குக் காலை 6 மணி, அவர்களின் ஞாயிறு இரவு ஆட்டம் என்றால் திங்கள் 5:30. கூடுதல் நேரம் ஒவ்வொன்றும் 5 நிமிடம், ஆனால் டைம் அவுட்டோடு சேர்த்துக் கால் மணியைத் தின்றுவிடும். எட்டரை மணி ஷிப்ட்காரர்கள் இறுதிச்சுற்று வாரங்களுக்கு மட்டும் முன்கூட்டியே பர்மிஷன் சொல்லிவைத்துவிடுங்கள்.