ரெண்டு பொண்ணுங்களின் காதலைக் குறும்படமாக எடுப்பது எப்படி?

ரெண்டு பொண்ணுங்க காதல், கதைக்களம் நம்ம திருநெல்வேலி என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் பலரும் முதல் காட்சியிலேயே ஊரே முறைத்துப் பார்ப்பதாக எழுதிவிடுகிறார்கள். அங்கேயே கதை தப்பிவிடுகிறது. ஒரு பையனும் பொண்ணும் வண்ணார்பேட்டை டீக்கடையில் நின்றால்தான் வீட்டுக்குத் தகவல் போகும். ரெண்டு பொம்பளைப் பிள்ளைகள் ஒரே பாயில் படுத்து விடிய விடியப் பேசினாலும் 'சத்தம் போடாமத் தூங்குங்கட்டி' என்பதோடு சரி. இந்தக் கண்டுகொள்ளாமைதான் உங்களுக்கு மூலதனம்.

அதனால் ஊர் ஏற்கெனவே அனுமதித்த ஒரு நெருக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடு என்று வையுங்கள். ரெண்டு பேருக்கும் 19 வயது, மடியில் சொளவு (முறம்). இலையில் தூளை வைத்து உருட்டி நூல் கட்டும் கை, பேச்சு எவ்வளவு நடந்தாலும் நிற்காது. அன்றைக்கு ஒருத்திக்கு எண்ணிக்கை குறைகிறது. மற்றவள் தன் கட்டு ஒன்றை அவள் சொளவுக்குத் தள்ளுகிறாள், 'வேண்டாம்ட்டி' என்று திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. மூன்றாவது தடவை தள்ளிய கை அங்கேயே இருந்துவிடுகிறது. சுற்றுகிற கை நின்றுபோனது பார்ப்பவருக்குத் தெரிந்தால் போதும், தயவுசெய்து வயலின் போடாதீர்கள்.

வசனமும் அப்படித்தான். 'நாளைக்கும் வருவியாட்டி?' என்பதற்குள் எல்லாம் இருக்கிறது. நடிக்க வருபவர் வெளியூர் என்றால் 'சொல்லுதேன்', 'பண்ணுதேன்' வாயில் படியும்வரை ஒத்திகை பாருங்கள், அப்புறம் கேமராவை எடுங்கள்.

வில்லன் வேண்டவே வேண்டாம். ஒருத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள், வந்தவர்களும் நல்ல மனுஷங்க, அவளுக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட அம்மா கூப்பிடுவது அந்தத் தோழியைத்தான். இந்தக் காட்சியை அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

போலீஸ் ஸ்டேஷன் காட்சி வைத்தே தீருவேன் என்றால் சட்டமாவது சரியாக இருக்கட்டும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, வயது வந்த ரெண்டு பெண்கள் காதலிப்பது குற்றம் இல்லை. 2021இல், மதுரையிலிருந்து சென்னைக்குப் போன ரெண்டு இளம்பெண்களின் வழக்கில், இப்படிப்பட்டவர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை கொடுப்பதையும் தடுத்தது. கல்யாணத்துக்குத்தான் சட்ட அங்கீகாரம் கிடையாது, 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் கிடைக்கவில்லை. ஆகவே இன்ஸ்பெக்டர் 'உள்ள வச்சிருவேன்' என்றால், அது வெறும் மிரட்டல் என்று படம் பார்ப்பவருக்குப் புரிய வேண்டும்.

தாமிரபரணி ஆற்றின் குறுக்குத்துறைப் படித்துறையில் க்ளைமாக்ஸ் வைக்க எல்லோருக்கும் ஆசை. ஐப்பசி, கார்த்திகையில் நாள் குறிக்காதீர்கள், வெள்ளம் வந்தால் அங்கிருக்கும் முருகன் கோயிலே முங்கிவிடும். பீடி சுற்றும் வீட்டுத் திண்ணையிலேயே முடித்தால் அந்தத் தொல்லை இல்லை.