முதுமை தவணை முறையில் வரும்: வயது போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவருக்கு எப்போது வயது போகிறது? ஹட்டன் பஸ் கண்டக்டர் ஒரு பதில் சொல்வார், தொழில் திணைக்களம் இன்னொன்று சொல்லும், தோட்டத்து வரிசை வீடான லயத்தின் படிக்கட்டு மூன்றாவதாக ஒன்று சொல்லும். மூன்றும் ஒத்துப்போகாது, ஆனால் எதுவும் பொய்யில்லை. முதுமை ஆளை மொத்தமாகப் பிடிப்பதில்லை. உறுப்பு உறுப்பாக, தவணை முறையில் வருகிறது. நாற்பதைத் தாண்டியதும் கண்ணுக்கு முதல் தவணை. முழங்காலும் காதும் பின்னால் வரும். நாக்குக்கு மட்டும் கடைசிவரை வயது போவதில்லை.

இது விளங்காமல்தான் பல வீடுகளில் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. ஓர் உறுப்பு தளர்ந்தவுடன் முழு ஆளையும் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார வைத்துவிடுகிறார்கள். அல்லது தளர்ந்த உறுப்பை இருபது வயதுப் பிள்ளையைப் போல வேலை வாங்குகிறார்கள்.

கடதாசி வயதை உடம்பு வயதாக எடுப்பது

ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டால், பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 ஆனதும் காசை எடுக்கும் வயது வந்துவிட்டது என்கிறது. தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். பிரதேச செயலகத்தில் தரும் முதியோர் அடையாள அட்டைக்கும் 60. குறைந்த வருமானக்காரருக்கான முதியோர் கொடுப்பனவுக்கோ 70. ஆக, கொழுந்து பறிக்கும் ஒரு பெண் ஓர் அலுவலகத்துக்கு ஐம்பதிலேயே பாட்டி, இன்னோர் அலுவலகத்துக்கு அதற்குப் பிறகும் இருபது வருடம் குமரி. சேமலாப நிதி கைக்கு வந்த கையோடு அவரே அன்றன்றைக்குக் கூலி வாங்கும் கைக்காசு ஆளாக அதே மலையில் கூடையோடு நிற்பதும் நடக்கிற காரியம்தான்.

பஞ்சாங்கத்தின் கணக்கு வேறு. 1965 சித்திரையில் பிறந்த விசுவாவசு வருடம், அறுபது வருடச் சுற்று முடிந்து 2025 சித்திரையில் திரும்பி வந்தது. அந்தக் கணக்கில் ஆள் மறுபடி முதலாம் வருடத்துக்கு வந்துவிடுகிறார். அறுபதாம் கல்யாணம் அதற்குத்தான். மாலை போட்டு மாப்பிள்ளையாக மணவறையில் உட்கார வைத்துவிட்டு, மறுநாள் காலையிலேயே "இனி நீங்க ஒன்னும் செய்ய வேணாம்பா" என்று மண்வெட்டியைப் பிடுங்குவது பிள்ளைகள் செய்யும் தவறு.

வயதை ஒளிப்பதும் வீண்வேலை. தேசிய அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. 1965இல் தொடங்கி 032 என்று போனால் 1965 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஆண். பெண்ணானால் அந்த மூன்று இலக்கத்தோடு 500 கூட்டி 532. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே வைத்துக் கணக்கிடுவதால், மார்ச் முதலாம் திகதி 061 ஆகவே வரும். பழைய ஒன்பது இலக்க அட்டையில் வருடத்துக்கு இரண்டு இலக்கம், மற்றதெல்லாம் அதேதான். கடையில் அட்டையை நீட்டிவிட்டு "எனக்கு ஐம்பதுதான்" என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளவும்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்க, காசு மாட்டிக்கொள்வதும் இங்கேதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டல், சேமலாப நிதிப் பதிவில் மூன்றாவது. பிறப்புப் பதிவே இல்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழோடு இருப்பவர்களுக்குத் திகதியும் இடிக்கும். ஓய்வுபெற்ற பிறகு இதைத் திருத்த அலைவது பெரிய தவறு. ஐந்து வருடத்துக்கு முன்பே மூன்று கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். தோட்டத்து ஆபீஸில் வேலை செய்பவர்கள் இருக்கும்போதே, செக்ரோல் (வேலைநாள் பதிவு) புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே திருத்துவது சுலபம்.

சேமலாப நிதி வந்தால் எல்லாம் வந்துவிட்டது என்று எண்ணுவதும் தவறு. சேவைக்காலப் பணிக்கொடை தனி. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு அது உரிமை. நாட்சம்பளக்காரருக்கு வருடம் ஒன்றுக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாகப் பெற்ற வீதத்தில். 30 வருடம் என்றால் 420 நாள் சம்பளம். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கணக்கைத் துண்டில் எழுதிக்கொண்டு போனால் கணக்கப்பிள்ளையும் கவனமாகக் கணக்குப் பார்ப்பார்.

பஸ்ஸில் எழுந்து தந்த இருக்கையை மறுப்பது

நேற்றுவரை "அங்கிள்" என்ற கண்டக்டர் ஒருநாள் "சீயா, முன்னுக்குப் போங்க" என்பார்; சீயா என்றால் சிங்களத்தில் தாத்தா. பள்ளிப் பிள்ளை எழுந்து இடம் தரும். உடனே முகம் சிவந்து "பரவாயில்ல, நிக்கிறேன்" என்பது மலைநாட்டு ரோட்டில் செய்யக்கூடாத வீரம். நானுஓயாப் பக்கத்து வளைவில் உடம்பு சாயும்போது கால் தானாக ஓரடி எடுத்து வைத்துச் சமாளிக்க வேண்டும். வயது போகப்போக அந்த அடி சற்றுத் தாமதமாகத்தான் வருகிறது. பிடித்த கம்பி கையில் இருக்கும், ஆள் பக்கத்து அம்மாவின் மடியில் இருப்பார். இருக்கையை வாங்கிக்கொள்ளவும், நன்றி சொல்லவும், வயதைப் பற்றிய பேச்சை இறங்கியபிறகு வைத்துக்கொள்ளவும்.

கண்ணாடியைப் பற்றிய மூன்று குழப்பங்கள்

நாற்பத்து மூன்று வயதில் பத்திரிகையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் படிப்பவர் கை குட்டையாகிவிட்டதாகவே நம்புகிறார். கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகி, கிட்டத்தில் குவியமாட்டேன் என்கிறது. இது எல்லாருக்கும் வரும், நோயல்ல. நாற்பதுகளின் நடுவில் +1.00 அல்லது +1.25, ஐம்பதில் +1.75 பக்கம், அறுபதில் +2.50 அளவு தேவைப்படும். கடையில் வாங்கினால் 35 முதல் 40 சென்டிமீற்றர் தூரத்தில் சின்ன எழுத்தைப் பிடித்து, தெளிவாகத் தெரியும் ஆகக் குறைந்த பவரை எடுக்க வேண்டும். மச்சானின் கண்ணாடியை வாங்கிப் போடுவதில் காசு மிச்சம், தலைவலி வரவு.

இரண்டாவது குழப்பம் விழுத்தக்கூடியது: படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டே படி இறங்குவது. அந்தக் கண்ணாடி கிட்டத்துக்கு மட்டும். காலடியில் உள்ள படி ஒன்றரை மீற்றர் தள்ளி இருக்கிறது, விளிம்பு மங்கித்தான் தெரியும். மேலும் கீழுமாக இரண்டு பவர் உள்ள கண்ணாடியிலும் இதே கதை, ஏனென்றால் கீழே பார்க்கும்போது படிக்கிற பகுதி வழியாகத்தான் பார்வை போகிறது. அதைப் போட்டவர் தலையைக் குனிந்து மேல்பகுதி வழியாகப் படியைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் வேடிக்கை. அறுபத்தைந்து வயதில் ஒருவர் திடீரென்று கண்ணாடி இல்லாமலே பத்திரிகை படிக்கத் தொடங்குவார். "வயசு திரும்புது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். வயது திரும்புவதில்லை, பெரும்பாலும் கண்புரை தொடங்கி வில்லையின் பவர் மாறுகிறது. கிட்டம் தெளியும், தூரம் மங்கும். எதிரே வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும். இரத்தச் சீனி ஏறி இறங்கினாலும் பவர் மாறும். எதுவானாலும் கொண்டாடுவதற்கு முன் கண் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

குடையை ஊன்றுகோல் ஆக்குவது

மலையகத்தில் ஊன்றுகோல் பிடிக்க வெட்கப்படுகிறவர்கள் எல்லாரும் கையில் குடை வைத்திருப்பார்கள். வெயிலா, மழையா என்று கேட்டால் "மழை வரும் போல இருக்கு" என்பார்கள். நுவரெலியாவில் அந்தப் பதிலை யாரும் மறுக்க முடியாது என்பதுதான் இந்தத் தந்திரத்தின் பலம். ஆனால் குடையின் நுனி உலோகம், ஈரச் சீமெந்திலும் பாசி பிடித்த கல்லிலும் வழுக்கும். தண்டு உடம்பின் பாரத்தைத் தாங்கச் செய்ததல்ல. உயரத்தையும் மாற்ற முடியாது. முக்கியமாக, உண்மையிலேயே மழை வந்ததும் அதை விரித்துப் பிடிக்க வேண்டியிருப்பதால், தரை வழுக்கும் அந்த நேரத்தில்தான் ஊன்ற ஒன்றும் இருக்காது.

கோல் என்றால் கோலாகவே வாங்கவும். வழமையாகப் போடும் செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்குப் பிடி வர வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை சற்று மடங்கியிருக்கும். அதைவிட உயரமானால் தோள் தூக்கிக்கொள்ளும், தாழ்ந்தால் முதுகு வளையும். கொய்யாக் கம்பு வெட்டினாலும் அளவு இதுதான். அடியில் ரப்பர் மூடி கட்டாயம். அதன் கோடுகள் தேய்ந்து வழுவழுப்பானால் மாற்றிவிட வேண்டும்.

பலர் கோலைப் பிழையான கையில் பிடிக்கிறார்கள் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனால் லயத்து வாசலில் நின்று பார்த்தால் தெரியும். வலது முழங்கால் நோகிறதென்றால் கோல் இடது கையில். நோகும் காலும் கோலும் ஒரே நேரத்தில் முன்னால் போக வேண்டும். அப்போதுதான் பாரம் இரண்டுக்கும் பிரியும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் நோகும் காலும் முதலில். கைப்பிடி இருந்தால் கோலைவிட அதுவே மேல்.

இறக்கத்தைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. சிவனொளிபாத மலையை வயதுச் சோதனையாக வைத்திருப்பவர்கள் பலர்: "நான் இன்னும் மலை ஏறுறேன், எனக்கென்ன வயசு?" டிசம்பர் பௌர்ணமிக்கும் வெசாக்குக்கும் இடையில் நல்லதண்ணி வழியாக 5,000க்கும் மேற்பட்ட படிகளில் ஏறுவது பெரிய விஷயம்தான். ஆனால் ஏற்றம் மூச்சைத்தான் சோதிக்கிறது. முழங்காலுக்கும் தொடைக்கும் சோதனை இறக்கத்தில். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது; அதனால் தசைக்கு வரும் நோ அன்றைக்குத் தெரியாது, இரண்டாம் நாள் கக்கூசில் குந்தும்போது தெரியும். போகிறவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே வாரத்தில் மூன்று நாள் படி இறங்கிப் பழக வேண்டும். ஏறிப் பழகுவது மட்டும் போதாது.

எல்லாவற்றுக்கும் "வயசாச்சு" என்பது

இது நோய்க்குப் பெயர் வைப்பதல்ல, கேள்வியை மூடுவது. வலது முழங்கால் மட்டும் வீங்கியிருந்தால், இடதுக்கும் அதே வயதுதானே? காது மந்தம் என்று சத்தம் போடுவதற்கு முன் குறும்பி அடைத்திருக்கிறதா என்று காட்ட வேண்டும். குச்சி விட்டால் அது இன்னும் உள்ளே போகும். காது உண்மையிலேயே மந்தமானாலும் கத்திப் பயனில்லை. போவது மெல்லிய உயர்ந்த ஒலிகள். முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னால் விளங்கும். "கூப்பிட்டா கேக்காது, காசு எண்ணினா கேக்குது" என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் வைத்தியத்தில் விளக்கம் இல்லை.

களைப்புக்கும் அப்படித்தான். சாப்பாட்டோடு சாயத் தேநீர் குடித்தால் தேயிலையில் உள்ளது கீரையின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். தேயிலை மலையில் இந்த அறிவுரையை யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறோம்.

இரவுக் குளிரை இளவயதுக் கணக்கில் பார்ப்பது

1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை மாத இரவு எப்படி என்று சொல்லத் தேவையில்லை. வயதான உடம்பு நடுங்கத் தாமதிக்கும், தாகமும் குறைவாகவே எடுக்கும். குளிரில் சிறுநீர் மட்டும் அடிக்கடி வரும். கக்கூசு வெளியே இருந்தால் அதுதான் ஆபத்தான பயணம். படுக்கையிலிருந்து ஒரேயடியாக எழும்பினால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, குதிகாலைப் பத்துத் தடவை தூக்கி இறக்கி, டோர்ச்சை எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். தணல் சட்டியை மூடிய காம்பராவுக்குள் வைத்துத் தூங்குவது எந்த வயதிலும் உயிரை எடுக்கும். அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை.

சோதிக்காமலே முடிவு கட்டுவது

நரைமுடியை எண்ணுவதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. 43 முதல் 45 சென்டிமீற்றர் உயரக் கதிரையைச் சுவரோடு சாத்தி வைத்து, கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டி, ஐந்து தடவை முழுதாக எழுந்து உட்கார வேண்டும். 15 செக்கனுக்குமேல் போனால் காலில் பலம் குறைந்துவிட்டது என்று எடுக்கலாம். மருந்தும் அதே கதிரைதான்: காலையிலும் மாலையிலும் எட்டுப் பத்துத் தடவை, முட்டையோ பருப்போ மீனோ ஒவ்வொரு வேளையும். தனியாக இருக்கும்போது சோதிக்கக் கூடாது. நாற்பது வயது மருமகனையும் கூடவே செய்யச் சொன்னால் வீட்டில் யாருக்கு வயது போயிருக்கிறது என்பது சில நேரம் மாறி வரும்.

கல்யாணத்துக்கு முதல்நாள் தலைக்குச் சாயம் பூசுவது

கறுப்புச் சாயத்தில் உள்ள மருந்து சிலருக்கு ஒத்துவராது. வருடக்கணக்காகப் பூசியவருக்கும் திடீரென்று ஒவ்வாமை வரும். கொஞ்சத்தைக் குழைத்துக் காதுக்குப் பின்னால் தடவி 48 மணித்தியாலம் பார்க்க வேண்டும். சிவந்தாலோ கடித்தாலோ அந்தச் சாயம் வேண்டாம். முன்பு கறுப்பு மருதாணிக்குத் தோல் கொப்பளித்தவர்கள் தொடவே கூடாது. முதல்நாள் இரவு பூசிவிட்டுப் படுத்தால், காலையில் தலை கறுத்திருக்கும், கண் இரண்டும் வீங்கி மூடியிருக்கும், குடும்பப் படத்தில் சம்பந்தி யாரென்று கேட்பார்கள். மீசைக்குப் பூசுகிறவர்கள் இன்னும் கவனம்: மூக்குக்குக் கீழே தோல் மெல்லியது, கறையும் ஒரு வாரம் போகாது.